கான்கிரீட்டு வாசலில் ஒரு மஞ்சள் முடிச்சு

அண்ணன் வீட்டுச் சுவர்கள் லாரியில் வந்தன. ஈப்போவில் நான் இருக்கும் புந்தோங்கில் யாரிடம் இதைச் சொன்னாலும், "செங்கல் வந்துச்சுன்னு சொல்லுலா" என்று என்னைத் திருத்துகிறார்கள். செங்கல் இல்லை, சுவர். சன்னலுக்கு இடம் விட்டு, கதவுக்கு வாசல் விட்டு, தொழிற்சாலையில் வார்த்தெடுத்த முழுச் சுவர். ஆயர் தாவார் சாலையில் ஒரு நீள லாரி அவற்றை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஊர்ந்து போனது. முந்தவும் வழியில்லை, பொறுமையும் இல்லை. ஹாரனை அடித்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்னால் போனேன். என் வேனில் பூசாரி இருந்தார், தேங்காய் பழத் தட்டு இருந்தது. அண்ணன் வீட்டுக்கு நிலை வைக்க நல்ல நேரம் குறித்திருந்தோம். அது தவறிவிடுமே என்று எனக்குப் பதற்றம்.

நான் திரும்ப வேண்டிய செம்மண் பாதையிலேயே லாரியும் திரும்பியது. அப்போதுதான் திக்கென்றது. நாங்கள் எந்த வாசலுக்குப் பூசை போடப் போகிறோமோ, அந்த வாசல் எங்களுக்கு முன்னால் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து வெகு காலமாகிறது. அண்ணனும் அண்ணியும் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, முதலாளிகள் மாறினார்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் மட்டும் மாறவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்தால் சோற்றுப் பானையைத் தவிர மற்றப் பாத்திரமெல்லாம் ஒழுகலுக்குக் கீழே இருக்கும்.

அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்தான். அந்த லயத்து வீட்டு வாசக்காலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினான். அதைப் பிடித்துக்கொண்டு நின்று, வேலைக்குப் போகிறவர்களையெல்லாம் பார்த்துக் கத்துவான். நடை பழகிய கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அவன் பேச்சை எடுத்தால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். அண்ணி அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. காலம் ஆற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

லயங்களை இடித்துவிட்டுத் தோட்டத்து ஓரத்திலேயே மலிவு வீடுகள் கட்டித் தரப்போகிறார்கள் என்று முடிவானபோது அண்ணன் நம்பவில்லை. இப்படிப் பல பேச்சுகளைக் கேட்டுச் சலித்தவர். ஆனால் இந்த முறை நிலத்தைத் துப்புரவாக்கினார்கள், கான்கிரீட்டுத் தளம் போட்டார்கள், ஒவ்வொரு தளத்திலும் கம்பிகள் வரிசையாக முளைத்து நின்றன. செங்கல் வரும், மணல் வரும் என்று அண்ணன் தினமும் போய்ப் பார்த்தார். எதுவும் வரவில்லை. கட்டட வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு, முக்காட்டுக்கு மேல் வெள்ளை ஹெல்மெட்டு. அவர் எல்லாரையும் கூப்பிட்டு விளக்கினார். சுவரைத் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து நிறுத்துவோம், பலகை அடித்து வீணாக்க வேண்டாம், குப்பை சேராது, சீக்கிரம் முடியும், அதனால்தான் உங்கள் கைக்கு எட்டுகிற விலையில் தர முடிகிறது என்றார்.

"வீடு கட்டுறாங்களா, அலமாரி மாட்டுறாங்களா?" என்று அண்ணன் என்னிடம் போனில் கேட்டார்.

அண்ணிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவருக்கு ஒரே கேள்விதான். நிலை எப்போது வைப்பார்கள்?

சொந்த வீடு என்றால் எங்கள் சனத்துக்கு வாசக்கால்தான். நல்ல நேரம் பார்த்து, வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியமும் காசும் மஞ்சள் துணியில் முடிந்து அடியில் போட்டு, வீட்டுக்காரியும் வீட்டுக்காரனும் கை கொடுத்து நிமிர்த்த வேண்டும். அதன் பிறகுதான் மற்றச் சுவரெல்லாம். லயத்தில் பிறந்து லயத்துக்கே வாழ்க்கைப்பட்ட அண்ணிக்கு ஒரு வாசக்காலைத் தொட்டு நிமிர்த்தும் யோகம் வாய்த்ததில்லை. லயத்து வாசக்கால் தோட்டத்துக்காரனுடையது. நிலை வைக்காத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். சாதுவான மனுசி பிடிவாதம் பிடித்தால் அசைக்க முடியாது. லயத்தை இடிக்கப் போகிறார்கள், இவர் எங்கே போவார்? அதனால்தான் நாள் பார்த்து, பூசாரியை வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது வரிசை முழுக்க வீடுகள் நின்றுகொண்டிருந்தன. முந்தின வாரம் அங்கே வெறும் தளம்தான் இருந்தது என்று அண்ணன் சொன்னதை நினைத்துப் பார்த்தேன், தலைகால் புரியவில்லை. பூசைக்கென்று மற்ற வீட்டுக்காரர்களும் வந்து கூடியிருந்தார்கள். அண்ணன் வீடு கடைசி வீடு. அதற்கான சுவர்கள்தான் என் முன்னால் வந்த லாரியில் இருந்தவை. நல்ல நேரத்துக்கு இன்னும் இருக்கிறது, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று பூசாரி சொன்னார். அந்தத் தோட்டத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த பாய்க்கும் அதே வரிசையில் ஒரு வீடு. அவர் ஃபிளாஸ்கில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தார். நான் டீயை வாயில்கூட வைக்கவில்லை, அதற்குள் கிரேன் கொக்கி அண்ணியின் வாசலை மாட்டித் தூக்கிவிட்டது.

வாசல் ஆகாயத்தில் போனது. அதன் வழியாக மேகம் தெரிந்தது. "ஐயோ, நிறுத்தச் சொல்லு! நேரம் வரலையே! நிறுத்தச் சொல்லு தங்கச்சி!" என்று அண்ணி என் கையைப் பிடித்து உலுக்கினார். யாரை நிறுத்தச் சொல்வது? அந்தச் சுவர் மெதுவாக இறங்கி, தளத்தில் முளைத்திருந்த கம்பிகள் அதன் அடியிலிருந்த குழாய்களுக்குள் நுழைய, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆட்கள் இரண்டு பக்கமும் சாய்வாக இரும்பு முட்டுக் கொடுத்துத் திருகினார்கள். அடுத்த சுவருக்குப் போய்விட்டார்கள். டீ ஆறவில்லை.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்த மஞ்சள் முடிச்சு. முகத்தில் ஈயாடவில்லை. "அடியில போடணும், தங்கச்சி. இனி எங்க போடுறது?" என்றார். அடியில் எங்கே போடுவது? கீழே கான்கிரீட்டு, மேலே கான்கிரீட்டு. எனக்கு வந்த கோபத்தில், "எங்க சனத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கக் கூடாதா?" என்று அந்த மலாய்ப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். அவர் திகைத்துப் போனார். வாசலுக்கு ஒரு சடங்கு உண்டு என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டுப் போட்டுக்கொண்டு எல்லாரும் அவரவர் வாசலில் கொஞ்ச நேரம் சாமி கும்பிட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கற்பூரம் தவிர எதையும் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்றார்.

பூசாரி வரிசையாக வாசல் வாசலாகக் கற்பூரம் காட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் ஹெல்மெட்டின் மேலேயே முந்தானையைப் போட்டுக் கும்பிட்டார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, அழுகையும் வந்தது. திரும்பி வரும்போது அண்ணியின் கையில் முடிச்சு இல்லை. மடியில் செருகியிருப்பார் என்று நினைத்தேன். முகம் தெளிந்திருந்தது. "நல்லபடியா முடிஞ்சது. போலாம்" என்றார். நானும் நிம்மதியாக வேனை எடுத்தேன்.

பள்ளி விடுமுறை என்பதால் அந்த வாரம் நான் லயத்திலேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் கட்டட இடத்திலிருந்து கூச்சல் கேட்டது. மலாயில் "நிறுத்து, நிறுத்து" என்று அந்தப் பெண் கத்துகிறார். நானும் அண்ணனும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினோம். அண்ணி பின்னால் வந்தார். லயமே அங்கே கூடிவிட்டது.

சுவர்களின் அடியில், உள்பக்கமாக, விரல் நுழைகிற அளவில் துளைகள் இருந்தன. ஒன்று தரையை ஒட்டி, அதற்கு நேர்மேலே முழங்கால் உயரத்தில் இன்னொன்று. கீழ்த் துளையில் குழாயைச் சொருகிச் சிமெண்டுக் கூழை ஏற்றினால் அது கம்பியைச் சுற்றி உள்ளே நிறைந்து மேல் துளை வழியாக வழிய வேண்டும். வரிசையின் நடுவிலிருந்த வீட்டில் ஏற்றியிருக்கிறார்கள், வழியவில்லை. வேலை செய்த பங்களாதேஷ்காரர் வளைந்த கம்பியை மேல் துளையில் விட்டு இழுத்திருக்கிறார். வெளியே வந்தது கூழில் நனைந்த ஒரு மஞ்சள் முடிச்சு.

அந்தப் பெண் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார். தளத்திலிருந்து வருகிற கம்பியையும் சுவரையும் கட்டிப் பிடிப்பது இந்தக் கூழ் ஒன்றுதான் என்று முடிச்சு இருந்த கையின் மணிக்கட்டை இன்னொரு கையால் இறுக்கிக் காட்டினார். இது உள்ளே நிறையாவிட்டால் சுவர் வெறுமனே நிற்கிறது, இந்த முட்டுக்கள்தான் தாங்குகின்றன. அடுத்தது கான்கிரீட்டுக் கூரை ஏறும். அப்புறம் முட்டுக்களை எடுப்போம். நான் அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எனக்கே பகீரென்றது. அந்தக் கூரைக்குக் கீழேதானே எல்லாரும் படுத்துத் தூங்கப் போகிறார்கள்?

"யாருலா வச்சது?" என்று அண்ணன் அதட்டினார். நடுவீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அடியில போட எடமே இல்லைண்ணே. ஓட்டை இருந்துச்சு. சாமிக்குன்னு விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்." 

அதோடு முடியும் என்று நினைத்தோம். அந்தப் பெண் என்ன நினைத்தாரோ, பக்கத்து வீட்டுத் துளையிலும் கம்பியை விடச் சொன்னார். அங்கேயும் ஒரு மஞ்சள் முடிச்சு. அதற்கு அடுத்த வீட்டிலும். ஒருத்தி சொல்லி ஒருத்தி செய்யவில்லை. கற்பூரம் காட்டுகிற நேரத்தில், புருசனுக்குக்கூடத் தெரியாமல், ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அதே துளையைக் கண்டுபிடித்து, அதே முடிச்சைத் தள்ளியிருக்கிறார்கள். வெளியே எடுத்ததையெல்லாம் ஒரு பலகையில் வைத்தார்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்து, கொண்டைக்கடலை உருண்டது. ஒன்றில் மூக்குத்தி ஒன்று மின்னியது. அவிழ்த்துப் பார்த்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

பாய் வீட்டுத் துளையில் ஒன்றும் இல்லை. "அப்ப நம்ம வீடு ஒன்னுதான் நிக்கும் போலிருக்கே" என்றார் அவர். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, அவரும் உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியாக அண்ணன் வீட்டு வாசல். அண்ணன் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். "நீயுமா?" அந்த ஆள் கம்பியை உள்ளே விட்டுத் துழாவினார். ஏதோ தட்டுப்பட்டது, மாட்டவில்லை. இன்னும் பலமாகக் குத்தினார்.

"குத்தாதீங்க! கம்பிய எடுங்க! குத்தாதீங்க!"

அண்ணி அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. பிள்ளை போன அன்றுகூடச் சத்தம் போடாமல் சுருண்டு கிடந்தவர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, அந்த ஆளின் கையைப் பிடித்துக் கம்பியை வெளியே இழுத்துவிட்டு, சுவரோடு சேர்ந்து மண்டியிட்டார். எங்கள் எல்லாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தன் கொண்டை ஊசியை எடுத்து நீட்டி வளைத்தார். துளைக்குள் விட்டு, துணியைக் கிழிக்காமல், மெதுவாக, வெகு நேரம் இழுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

முடிச்சு வந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. அண்ணன் அதைப் பிடுங்கி அவிழ்த்தார். நவதானியம் இல்லை, காசு இல்லை. கறுத்துப்போன சின்ன வெள்ளித் தாயத்து ஒன்று, அறுந்த கறுப்பு அரைஞாண் கயிற்றோடு.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. அவனைக் குளிப்பாட்டும்போது நானே எத்தனையோ தடவை அதைத் துடைத்துவிட்டிருக்கிறேன். அவன் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை அந்தத் தாயத்துக்குள் அடைத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள்.

அண்ணன் பக்கத்திலிருந்த இரும்பு முட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "இது அவனோட போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். "குழியில வச்சு மூடுனோமே. அவன் இடுப்புல…"

"நான்தான் அறுத்து வச்சுக்கிட்டேன்" என்றார் அண்ணி. அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புதைச்ச மேட்டுல செம்பனை போட்டுட்டாங்க. லயத்தையும் இடிக்கப் போறாங்க. அந்த வாசல விட்டா அவனுக்கு வேற வாசல் தெரியாது. நாம இங்க வந்துட்டோம்னு அவனுக்கு யார் சொல்லுவா?"

அப்படியானால் அந்த லயத்து வீட்டில் இத்தனை வருடமும் அண்ணி அவனோடுதான் இருந்திருக்கிறார். ஒழுகுகிற கூரையைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள், என்னோடு புந்தோங்குக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் ஏன் வரவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த மலாய்ப் பெண் என் தோளைத் தொட்டு, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர்களிலும் பிள்ளையின் கொடியை அப்படித்தான் மதிப்பார்களாம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சுவரைச் சுற்றி நடந்து பார்த்தார். இந்தத் துளைக்குள் மட்டும் எதுவும் கூடாது, ஆன்ட்டி, இது வீட்டின் உயிர் என்றார். ஆனால் முட்டுக்களைத் திருகியிருக்கிறோமே, அந்த ஆணித் துளைகளை எப்படியும் பூசி மூடத்தான் வேண்டும், அதில் வைத்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது என்றார். தானியம் வேண்டாம், ஊறினால் பூச்சு வெடிக்கும். காசு, மூக்குத்தி, தாயத்து வைக்கலாம். முட்டு எடுக்கிற அன்றைக்கு எல்லாரையும் கூப்பிடுகிறேன், அதுவரை துளைகளைத் தொடாதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்கே வரிசை முழுக்கக் கூழ் ஏற்றினார்கள். மேல் துளையில் வழிகிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அண்ணி வீட்டில் அது வழிந்தபோது நான் சாமியைக் கூப்பிட்டுவிட்டேன்.

கூரை ஏறி, முட்டு எடுக்கிற நாளும் வந்தது. அந்தப் பெண் சொன்னபடியே கூப்பிட்டார். வேனில் போனேன். இடைப்பட்ட நாட்களில் அண்ணன் அந்தத் தாயத்தைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம், அண்ணி கேட்டும் கொடுக்கவில்லையாம். அன்றைக்குத் தானாகவே எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். புதுக் கயிறு கட்டியிருந்தது.

முட்டுக்களைக் கழற்றியதும் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், என் தலைக்கு மேலே, ஒரு துளை தெரிந்தது. அந்தப் பெண் அதைக் காட்டி, இதில் வையுங்கள், உயரத்தில் இருப்பதால் யார் கையும் படாது, பத்திரமாக இருக்கும் என்றார். நான் தமிழில் சொன்னேன். ஏறி நிற்க ஒரு முக்காலியும் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணி ஏறவில்லை. நிமிர்ந்து அந்தத் துளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ ஒசரம் வேணாம்னு சொல்லு தங்கச்சி. அவனுக்கு எட்டாது."

மலாயில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பெண் என்ன, என்ன என்று என் முகத்தைப் பார்க்கிறார். அவன் பேச்சை எடுத்தால் எழுந்து போகிற என் அண்ணன்தான் முன்னால் வந்தார். "அனாக் சாயா மாசே கெச்சில்" என்றார். என் பிள்ளை இன்னும் சின்னவன்.

அந்தப் பெண் குனிந்து, வாசலை ஒட்டித் தரையில் முட்டின் அடிக்கால் இருந்த இடத்தைக் காட்டினார். அங்கேயும் ஒரு துளை இருந்தது. அண்ணி தாயத்தை அதில் இறக்கினார். அண்ணன் பூச்சை விரலால் எடுத்து மூடி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார். காய்கிற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது என்று அண்ணி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். வாசலை முழுதாக மறித்து உட்காரவில்லை. ஓர் ஓரமாக ஒதுங்கி, மற்றப் பாதியில் வழி விட்டு உட்கார்ந்திருந்தார்.